தானே குவியும் ஒளியும் நாம் கேளாத கேள்வியும்

சென்ற பருவத்தின் இறுதியில், பௌதிகத்தில் முதுகலைப் பட்டத்துக்குப் பயிலும் மாணாக்கர் ஒருவர், தாம் இயற்றிய ஆய்வுரையைக் கையிலேந்தி என்னை நாடி வந்தார். காந்தப்புலத்துள் அமைந்த பிளாஸ்மாவினூடே வலிமிக்க லேசர்க் கதிர் செல்லுங்கால் எங்ஙனம் தானே குவிகின்றது என்பது அவ்வுரையின் பொருள். சமன்பாடுகள் ஒழுங்காக இருந்தன. கணிப்பொறி வரைந்த கோடுகள் கண்ணுக்கு இனியனவாக இருந்தன. ஒரு படத்தில் மூன்று கோடுகள்: காந்தம் இல்லாதபொழுது ஒன்று, அதன் அளவு 0.1 ஆனபொழுது ஒன்று, 0.3 ஆனபொழுது ஒன்று. காந்தம் மிகுந்தோறும் கதிர் விரைந்து குவிவதை அப்படம் தெளிவாகக் காட்டிற்று. "தம்பி, இந்த 0.3 என்பது எவ்வளவு பெரிய காந்தம்?" என்று வினவினேன். அவர் சற்றே திகைத்து, "ஐயா, முன் வந்த கட்டுரைகளில் எல்லாரும் அந்த எண்ணையே இட்டிருக்கின்றனர்" என்றார்.

இம்மறுமொழியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. குற்றம் அவருடையதன்று. யானும் என் இளமையில் இத்தகைய கோடுகள் பலவற்றை வரைந்தவனே. அக்கேள்வியை அன்று என்னைக் கேட்டார் எவரும் இலர். யானும் என்னைக் கேட்டுக்கொண்டேனல்லேன். ஆகலின் ஈண்டுக் கூறப்போவது பிறரை நோக்கிய பழியுரையன்று. பட்டறிந்தான் ஒருவன் தன்னையும் உட்படுத்திக் கூறும் கருத்துரையே.

பொருளைச் சிறிது விளக்கிய பின்னரே வழக்குரைத்தல் முறை. பிற துறை மாணாக்கரும் என்னுடன் சற்று நடந்து வருவாராக. பூதக்கண்ணாடி வெயிலைக் குவிப்பதை அறியாதார் இலர். நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும் இருத்தலால், அக்கண்ணாடி நடுவே செல்லும் ஒளியை மிகுதியாகத் தாமதப்படுத்துகின்றது. ஓரத்து ஒளி முந்திக்கொள்கின்றது. அதனால் அலையின் முகம் உள்நோக்கி வளைந்து ஒரு புள்ளியை நாடுகின்றது. இனி, கண்ணாடி எங்கும் ஒரே தடிப்பாக இருந்தும், அதன் ஒளிவிலகல் எண் நடுவில் மட்டும் மிகுந்திருக்குமாயின், அப்பொழுதும் ஒளி குவியவே செய்யும். இவ்வேற்றுமையை ஒளி தானே உண்டாக்கிக்கொள்ளக்கூடும் என்பதுதான் வியப்பு. மெல்லிய விளக்கொளி தான் செல்லும் வழியை மாற்றுவதில்லை. வலிமிக்க ஒளியோ, ஆற்று வெள்ளம் தன் படுகையைத் தானே அகழ்ந்துகொள்வதுபோல, தன் வழியைத் தானே மாற்றிக்கொள்கின்றது.

அலை தன் வழியை மாற்றும் என்னும் உண்மையின் முதற் சாயல் ஒளியிலன்றி வானொலியில் தென்பட்டது. 1933-ஆம் ஆண்டில் ஹாலந்து தேசத்து ஐந்தோவன் நகரில் டெல்லெகன் என்பார், சுவிட்சர்லாந்தின் பெரோமுன்ஸ்டர் நிலையத்து நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருக்கையில், அதன் பின்னணியில் லக்ஸம்பர்க் நிலையத்தின் நிகழ்ச்சியும் ஒலிக்கக் கேட்டார். லக்ஸம்பர்க்கின் வலிய அலை, வானத்தின் மேலடுக்கில் உள்ள எலெக்ட்ரான்களைச் சூடேற்றி, அவ்வழியே சென்ற மற்றோர் அலையின்மீது தன் தடத்தைப் பதித்தது என்பதே அதன் விளக்கம். அணுக்களினின்றும் எலெக்ட்ரான்கள் பிரிந்து திரியும் இத்தகைய வாயுவுக்குப் பிளாஸ்மா என்னும் பெயரை 1928-இல் இட்டவர் இர்விங் லாங்மியூர். வானத்து மேலடுக்கோ பூமியின் காந்தத்துள் அமைந்த பிளாஸ்மா. அதில் ரேடியோ அலைகள் செல்லும் விதத்தை ஆராய்ந்த எட்வர்டு ஆப்பிள்டன் 1947-இல் நோபல் பரிசு பெற்றார். எனவே நம் மாணாக்கர் எடுத்துக்கொண்ட பொருளுக்கு லேசருக்கும் முந்திய நல்ல குலவழி உண்டு.

1960-இல் அமெரிக்காவில் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். ஈராண்டுக்குள், 1962-இல், சோவியத் பௌதிகரான அஸ்கார்யான், வலிய கதிர் தானே குவியும் என்று எழுதிவிட்டார். 1964-இல் சியாவோ, கார்மைர், டவுன்ஸ் ஆகியோர் அக்கதிர் தன்னைத் தானே சிறைப்படுத்திக்கொள்ளும் நிலையைக் கணித்தனர். அவ்வாண்டிலேயே ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஹெர்ச்சர், லேசர் பாய்ந்த கண்ணாடியினுள் மெல்லிய இழைபோன்ற சிதைவுகளைக் கண்டறிந்தார். ஒளி தன் வில்லையைத் தானே சமைத்துக்கொண்டு, அதனால் தான் புகுந்த வீட்டையே உடைத்த கதை அது.

பிளாஸ்மாவிலோ உடைவதற்குக் கண்ணாடி இல்லை. அங்கு நிகழ்வது வேறு. பிளாஸ்மாவின் ஒளிவிலகல் எண் ஒன்றினுங் குறைவு; எலெக்ட்ரான்கள் நெருங்க நெருங்க அது மேலும் குறையும். வலிய கதிரின் நடுவில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை அணுகி அதிர்கின்றன; ஐன்ஸ்டைன் காட்டிய நெறிப்படி அவை கனத்துவிட்டவைபோல் நடந்து, ஒளிக்கு மந்தமாகவே விடை தருகின்றன. அன்றியும் ஒளியின் அழுத்தம் அவற்றை நடுவினின்றும் ஓரத்துக்குத் தள்ளுகின்றது. கனத்தலாலும் விலகலாலும் நடுவில் ஒளிவிலகல் எண் உயர்கின்றது, கதிர் குவிகின்றது. ஒரு மைக்ரான் அலைநீளமுள்ள ஒளியில் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றின்பின் பதினெட்டுச் சுழியம் இட்ட அளவு வாட் செறிவு வந்தால் இவ்வெடை மிகுதல் முதன்மை பெறும்.

கதிர் இயல்பாகப் பரந்து விரிவதை இக்குவிவு வெல்வதற்கு ஒரு வாயில் வலிமை உண்டு. ஒளியின் அதிர்வெண்ணைப் பிளாஸ்மாவின் இயற்கை அதிர்வெண்ணால் வகுத்து, வந்ததை இருமடி செய்து, ஏறத்தாழ 17 கிகாவாட்டால் பெருக்குக, அதுவே அவ்வளவு. வகுத்து வந்தது 10 ஆயின், வேண்டுவது 1,700 கிகாவாட். இது பெரிது, ஆயினும் மின்னலினும் குறுகிய கணத்தில் இவ்வலிமையைத் தரும் லேசர்கள் உலகின் பல கூடங்களில் உள்ளன.

இனிக் காந்தம். காந்தப்புலத்துள் எலெக்ட்ரான் நேராக ஓடாது. அப்புலத்தைச் சுற்றிச் சுழலும். ஒரு டெஸ்லாக் காந்தத்தில் அது வினாடிக்கு 2,800 கோடி முறை சுழலும். கதிர் காந்தப்புலத்தின் வழியே செல்ல, ஒளியின் மின்புலமும் எலெக்ட்ரான் சுழலும் திக்கிலேயே சுழலுமாயின், ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளியது போலாகும், எலெக்ட்ரான் மிகுதியாக அசையும், குவிவு வலுக்கும். எதிர்த்திக்கில் சுழலுமாயின் குவிவு தளரும். ஆகவே காந்தம் ஒரு திருகுபோலப் பயன்பட்டு, கதிர் எவ்விடத்துக் குவிதல் வேண்டுமோ அவ்விடத்தைத் தெரிந்துகொள்ள உதவும் என்பது கட்டுரையாளரின் நம்பிக்கை. நம்பிக்கை தவறன்று, அளவுதான் கேள்வி.

மாணாக்கரின் 0.3 என்பது யாதெனின், எலெக்ட்ரானின் சுழல் அதிர்வெண்ணை ஒளியின் அதிர்வெண்ணால் வகுத்து வந்த எண்ணாம். அன்று மாலை அவரும் யானும் ஒரு காகிதத்தில் அதைக் கணக்கிட்டோம். ஒரு மைக்ரான் அலைநீளமுள்ள ஒளி வினாடிக்கு முந்நூறு லட்சம் கோடி முறை அதிர்கின்றது. எலெக்ட்ரானை அவ்வளவு விரைவாகச் சுழற்றுதற்கு வேண்டும் காந்தம் ஏறத்தாழ 10,700 டெஸ்லா. அதில் பத்தில் மூன்று பங்கு 3,200 டெஸ்லா. நம் தமிழகத்தில் பூமியின் காந்தம் ஒரு டெஸ்லாவில் ஏறத்தாழ 25,000-இல் ஒரு பங்கு. மருத்துவமனைகளில் உடலைப் படம் பிடிக்கும் பெருங்காந்தத்தில் ஒன்றரை அல்லது மூன்று டெஸ்லா. உலகின் மிக வலிய இடையறாக் காந்தங்கள் 45 டெஸ்லாவையொட்டியே நிற்கின்றன. அந்த 45 டெஸ்லாவை இட்டால், 0.3 என்னும் எண் 0.004 ஆகச் சுருங்கும். காந்தத்தால் எலெக்ட்ரானின் அசைவில் வரும் வேறுபாடு நூற்றுக்கு அரைப் பங்கும் தேறாது. படத்தில் காந்தம் உள்ள கோடும் இல்லாத கோடும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும்!

"அங்ஙனமாயின், இத்தனை வலிய காந்தம் எங்குமே இல்லையோ?" என்று கேட்பார்க்கு, உண்டு என்பதே விடை. இங்கிலாந்தில் ரதர்ஃபோர்டு ஆப்பிள்டன் ஆய்வுக்கூடத்து வல்கன் லேசர் திண்மப் பொருளின்மேல் பாய்ந்தபொழுது, எழுந்த பிளாஸ்மாவில் ஏறத்தாழ 34,000 டெஸ்லாக் காந்தம் தோன்றியதாக 2002-இல் அறிவித்தனர். அவ்வாண்டிலேயே நம் நாட்டில், மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் லேசர் எழுப்பும் பெருங்காந்தத் துடிப்புகளை அளந்து வெளியிட்டனர். ஆனால் இக்காந்தம் நாம் சுருள் கம்பியால் இடும் காந்தம் அன்று. ஒளியால் உந்தப்பட்ட எலெக்ட்ரான்களின் ஓட்டமே அதை ஈன்றது. அது கதிரின் வழியே நேராக நில்லாமல், பெரும்பாலும் வளையல்போல் ஓட்டத்தைச் சுற்றி வளைந்து நிற்கும். எங்கும் ஒரே அளவாயும் இராது. ஒரு கணத்தில் எழுந்து மறுகணத்தில் மறையும். அதுவும் குவிவுக்குத் துணை செய்யும் என்பதை 1996-இல் புகோவ், மேயர்-தெர்-வேன் இருவரும் கணிப்பொறிச் சோதனையால் காட்டினர். ஆயினும் சீரான நேர்க்காந்தத்துக்கு எழுதிய சமன்பாட்டை, வளைந்து மறையும் இக்காந்தத்துக்குப் பொருத்துதல், ஒருவன் அளவெடுத்துத் தைத்த சட்டையை மற்றொருவனுக்கு அணிவித்தல் போலாகும்.

நிற்க. மற்றொரு குறையையும் கூறுதல் வேண்டும். கணக்கை எளிதாக்கும் பொருட்டு, கதிரின் அச்சுக்கு மிக அண்மையில் உள்ள பகுதியை மட்டும் கருதி, நெடுகிலும் கதிர் தன் வடிவத்தை விடாது என்று கொள்ளும் வழக்கம் உண்டு. 1960-களில் மாஸ்கோவில் அக்மானொவும் அவர்தம் தோழரும் வகுத்த இம்முறை மிக அழகியது. கரடுமுரடான சமன்பாட்டை ஒருவர் ஒரு மாலையில் தீர்த்துவிடலாம். ஆனால் உண்மையான கதிர், குவியுங்கால் ஓரங்களை உதறுகின்றது, வளையங்களாகின்றது, சில வேளைகளில் பல இழைகளாகப் பிளந்துவிடுகின்றது. அச்சின் அருகே மட்டும் பார்ப்பவனுக்கு இவற்றுள் ஒன்றும் தோன்றாது. திரைச்சீலையின் சிறு துளை வழியே நாடகம் பார்த்தவன், மேடையில் ஒருவனே இருந்தான் என்று சத்தியம் செய்வதுபோல் ஆகிவிடும்.

இங்ஙனம் கூறுதலால், காகிதமும் எழுதுகோலும் கொண்டு செய்யும் பௌதிகத்தை யான் இகழ்வதாக எவரும் கருதற்க. அஸ்கார்யான் எழுதியது காகிதத்தில்தான். கண்ணாடியில் இழைகள் பின்னரே காணப்பட்டன. 1979-இல் தஜிமா, டாசன் இருவரும், பிளாஸ்மாவில் லேசர் எழுப்பும் அலையின்மீது எலெக்ட்ரான்களை ஏற்றி விரைவிக்கலாம் என்று எழுதினர். அது வெறுங்கனவு என்று நினைத்தவர்க்கு, 2004-இல் இங்கிலாந்து, பிரான்சு, அமெரிக்கா ஆகிய மூன்றிடத்தும் சீரான எலெக்ட்ரான் கற்றைகள் வெளிப்பட்டு விடை தந்தன. 2019-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், முன்னமே வாய்க்கால்போல் அமைத்த 20 சென்டிமீட்டர்ப் பிளாஸ்மாவில் 7.8 கிகா எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் எய்தப்பட்டது. நம் நாட்டிலும் டில்லியைச் சார்ந்த சோதா, கட்டக், திரிபாதி ஆகிய மூவரும் லேசர்க் கதிர்களின் தற்குவிவைப் பற்றி 1974-இல் தனி நூலே இயற்றினர். பெரும்பொருள் செலவிட இயலாத கல்லூரிகளுக்கு இத்துறை ஒரு திறந்த வாயிலாக அமைந்தது இத்தகையோரால் என்பது என் துணிபு. அவ்வாயிலை அடைத்துவிடுக என்று யான் கூறவில்லை. உள்ளே நுழைந்தவர் அனைவரும் வாயிற்படியிலேயே அமர்ந்துவிட்டால் வீட்டைக் காண்பவர் யார் என்றே கேட்கின்றேன்.

எல்லையை அறிந்தவனே எல்லையைக் கடப்பான் என்பதற்கு இத்துறையே சான்று தருகின்றது. தற்குவிவால் கண்ணாடி சிதையும் என்னும் அச்சத்தால், லேசரின் வலிமை நெடுங்காலம் ஓரளவுக்குமேல் ஏறாமல் நின்றது. ஹெர்ச்சர் சிதைவைக் கண்ட அதே ராச்செஸ்டரில், 1985-இல் டோனா ஸ்ட்ரிக்லண்டும் ஜெரார்டு மூருவும் ஓர் உபாயம் செய்தனர். குறுகிய துடிப்பை முதலில் 1.4 கிலோமீட்டர் ஒளியிழையில் நீட்டினர். நீண்டதனால் அதன் உச்சம் தாழ்ந்தது. தாழ்ந்ததை அச்சமின்றிப் பெருக்கினர். பெருக்கிய பின் மீண்டும் சுருக்கினர். ஸ்ட்ரிக்லண்டு அப்பொழுது ஆராய்ச்சி மாணவியே. 2018-இல் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். தடை எங்கு உள்ளது, எவ்வளவு உயரம் என்று அளந்தமையாலன்றோ அவர்கள் அதைச் சுற்றிச் செல்லும் வழியைக் கண்டனர்! இக்காலத்துப் பெருவலி லேசர்களில் மிகப் பல இவ்வழியிற் பிறந்தவையே.

ஆகவே இத்துறையில் இறங்கும் மாணாக்கருக்கும், அவரை நெறிப்படுத்தும் ஆசிரியருக்கும் யான் வேண்டிக்கொள்வன மூன்று.

முதலாவது, அலகின்றி எழுதிய எந்த எண்ணையும் அலகோடு ஒருமுறை எழுதிப் பார்த்தல் வேண்டும். 0.3 என்பது நாவுக்கு எளிது. 3,200 டெஸ்லா என்று சொன்னவுடன் தான் யாது கேட்கின்றோம் என்பது விளங்கும். இதற்கு வேண்டுவது ஒரு காகிதமும் கால் மணி நேரமுமே.

இரண்டாவது, எளிய முறையால் பெற்ற விடையை முழு முறையால் ஓரிடத்தேனும் சோதித்தல் வேண்டும். பிளாஸ்மாத் துகள்களை ஒவ்வொன்றாகப் பின்தொடரும் எபோக், ஸ்மைலீ போன்ற நிரல்களை விலையின்றிப் பெறலாம். பெரிய கணக்கு நம் கணிப்பொறிகளுக்கு எட்டாதாயினும் சிறிய கணக்கு எட்டும். இரு விடைகளும் ஒத்தால் மகிழ்க. ஒவ்வாவிடின் இன்னும் மகிழ்க, ஏனெனில் அங்கேதான் எழுதத்தக்க செய்தி உண்டு.

மூன்றாவது, கண்ணால் ஒன்றைக் காணுதல் வேண்டும். டெராவாட் லேசர் நமக்கு எட்டாது; உண்மையே. ஆனால் ஒரு கண்ணாடிப் பெட்டியில் பாலில்லாத கடுந்தேநீரை ஊற்றி, நம் சோதனைச்சாலையில் உள்ள சிறு பச்சை லேசரை, ஆசிரியர் மேற்பார்வையில், கண்காப்புடன் அதனுள் செலுத்துக. சிறிது நேரத்தில் சுவரில் விழும் ஒளிப்புள்ளி விரிந்து, வளையம் வளையமாகப் பரவும். ஒளியால் நடுவே சூடேறிய நீரின் ஒளிவிலகல் எண் குறைய, கதிர் குவிவதற்கு மாறாக விரிகின்றது. பிளாஸ்மாவில் நிகழ்வதன் எதிர்மறை இது. ஆயினும் ஒளி தன் வழியை மாற்றுகின்றது என்னும் தத்துவம் ஒன்றே. அவ்வளையங்களைக் கண்டவன், கதிர் என்றும் தன் வடிவத்தை விடாது என்று பின்னொருகாலும் எளிதில் எழுதமாட்டான்.

"இத்தனையும் செய்தால் ஆண்டுக்கு நான்கு கட்டுரை எழுதுபவர் ஒன்றுதான் எழுத இயலும், பதவி உயர்வுக்கு எண்ணிக்கை வேண்டுமே" என்பர் சிலர். அக்கவலை பொய்யன்று, எண்ணிக்கையைக் கேட்போரும் இக்குறைக்கு உடந்தையரே. ஆயினும் இளைஞர் ஒருவர் தம் வாழ்நாளில் மிகக் கூர்மையான இரண்டாண்டுகளை நம்மிடம் ஒப்படைக்கின்றார். அவற்றை ஓர் எண்ணை மாற்றி ஒரு கோட்டை வரைவதிலேயே நாம் செலவிடச் செய்தால், அந்நட்டத்தை எந்தப் பதவி உயர்வும் ஈடு செய்யாது.

இனி, அம்மாணாக்கர் செய்தியைக் கூறி முடிப்பேன். காகிதத்தில் 3,200 என்று கண்ட அன்று அவர் முகம் வாடிப் போனார். தம் உழைப்பெல்லாம் வீணாயிற்றென்று எண்ணினார்போலும். ஒரு வாரம் கழித்து மீண்டும் வந்தார். முகத்தில் வாட்டம் இல்லை. அதே கணக்கை ஒரு மைக்ரான் ஒளிக்கு விடுத்து, கரியமில வாயு லேசரின் 10.6 மைக்ரான் ஒளிக்குச் செய்திருந்தார். அலை நீள நீள அதிர்வெண் குறைவதால், 0.3 என்னும் அதே எண்ணுக்கு இப்பொழுது வேண்டுவது ஏறத்தாழ 300 டெஸ்லா. தொடர்ந்து நிற்கும் காந்தத்தில் அதுவும் கிட்டாது. ஆனால் கணநேரத் துடிப்புக் காந்தத்தில், டோக்கியோப் பல்கலைக்கழகத்தார் 2018-இல் 1,200 டெஸ்லாவை எட்டியிருந்ததை அவர் தேடிப் படித்திருந்தார். லேசர்த் துடிப்பு அக்காந்தத்தினும் மிகக் குறுகியதாகலின், அதற்கு அக்காந்தம் அசையாது நிற்பதுபோலவே தோன்றும். "ஐயா, என் கோட்டுக்கு உலகில் ஓர் இடம் உண்டு" என்றார்.

பழைய படம் அப்படியே இருந்தது, கோடுகளும் அவையே. கீழே ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்ந்திருந்தது: எந்த ஒளிக்கு, எத்தனை டெஸ்லாக் காந்தத்தில் இக்கோடு பொருந்தும் என்று. அவ்வுரையில் யான் மிகுதியும் மதிப்பது அவ்வொரு வரியையே.